ஆறுதல்: கொங்கு மண்ணின் பழைய மருத்துவம்

சூடான பாலை இரு குவளைகளுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றுவதை ஆற்றுதல் என்கிறோம். புண் காய்ந்து தோல் மூடிக்கொண்டால் ஆறிவிட்டது என்கிறோம். சினம் தணிவது ஆறுதல். பசி தணிவது பசியாறுதல். வெயிலில் வந்தவர் திண்ணையில் சற்று இருந்து போவது ஆற அமர இருத்தல். துயருற்றவரிடம் நாம் சென்று சொல்லும் நல்வார்த்தைக்கும் நம் முன்னோர் இந்தச் சொல்லையே பெயராக வைத்தனர்.

இச்சொல்லுக்குள் ஒரு மருத்துவக் கொள்கை அடங்கியிருக்கிறது. பாலை ஆற்றுபவர் பாலைக் கீழே கொட்டிவிடுவதில்லை. சூடு இறங்குகிறது; பால் அப்படியே இருக்கிறது. இழப்பும் அவ்வாறே. அது நம்மோடு இருக்கும். அதன் கொதிப்பு மட்டும் மெல்ல மெல்லத் தணியும். அதற்குக் காலம் வேண்டும், பொறுமை வேண்டும், ஆற்றுகின்ற ஒரு கையும் வேண்டும்.

இதனை இன்று நினைவூட்ட வேண்டிய தேவை என்ன என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். இழவு வீடுகளுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி செவிமடுக்கும் ஒரு குரலே இதற்குக் காரணம். “அழக் கூடாது, விசுவாசமுள்ளவர்கள் அழலாமா?” என்று கணவனை இழந்த பெண்ணை அதட்டும் குரல் அது. நல்லெண்ணத்தோடுதான் சொல்லப்படுகிறது. ஆயினும் கண்ணீரைப் பாவம் போலவும், அச்சத்தை விசுவாசக் குறைவு போலவும், மனச்சோர்வைத் தீய ஆவியின் வேலை போலவும் கருதி, அவற்றை ஒரே இரவில் விரட்டிவிட முயலும் வழக்கம் நம் இறைமக்களிடையே பரவி வருகிறது. திருச்சபையின் நெடிய மரபு நமக்குக் கற்பித்தது இதுவன்று. கொங்கு நாட்டு மக்கள் வாழ்ந்து காட்டியதும் இதுவன்று. இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடங்கள் சிலவற்றை வரலாற்றின் துணையோடு இங்கே காண்போம்.

புனித தாமஸ் எழுதிய மருந்துச் சீட்டு

13-ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலின் இரண்டாம் பகுதியில் மனித உணர்வுகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறார். துயரம் என்னும் உணர்வுக்கு வரும்போது, அதைத் தணிக்கும் வழிகள் எவை என்று தனியே ஒரு வினாவை எழுப்பி ஐந்து வழிகளைக் கூறுகிறார். முதலாவது, ஏதேனும் ஒரு நல்ல இன்பம். இரண்டாவது, கண்ணீர். மூன்றாவது, நண்பர்களின் பரிவு. நான்காவது, உண்மையைத் தியானித்தல். ஐந்தாவதாக அவர் கூறுவது, குருத்துவக் கல்லூரியில் முதன்முறை படிக்கும் மாணவர்களைப் புன்னகைக்க வைக்கும்: தூக்கமும் குளியலும்!

வானதூதர்களைப் பற்றியும் மூவொரு இறைவனின் மறைபொருளைப் பற்றியும் நுணுகி எழுதிய அதே எழுதுகோல், துயருற்றவரைக் குளித்துவிட்டுத் தூங்கச் சொல்கிறது. இதற்கு அவர் துணைக்கு அழைப்பது புனித அகுஸ்தீனாரை. 387-ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுக நகரில் தாய் மோனிக்கம்மாள் இறந்தபோது அகுஸ்தீனார் முதலில் கண்ணீரை அடக்கிக்கொண்டார். அழுவது தம் நம்பிக்கைக்குப் பொருந்தாது என்று எண்ணினார். நெஞ்சின் பாரம் குறையவில்லை. குளியல் கவலையைப் போக்கும் என்று கேள்விப்பட்டு நீராடிப் பார்த்தார். அதுவும் உடனே பலிக்கவில்லை. பின்னர் உறங்கி எழுந்தபோது துயரத்தின் கடுமை ஓரளவு தணிந்திருக்கக் கண்டார். இறுதியில் தடுத்து வைத்திருந்த கண்ணீரை இறைவன் திருமுன் வழிய விட்டார். இவையனைத்தையும் தம் அறிக்கை நூலில் மறைக்காமல் எழுதி வைத்துள்ளார்.

புனித தாமஸ் இந்நிகழ்வை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தவர். உள்ளே அடைக்கப்பட்ட துயரம் மனத்தை மேலும் வருத்துகிறது, ஏனெனில் மனம் முழுவதும் அதிலேயே குவிகிறது. கண்ணீரும் புலம்பலும் அதை வெளியே பரவச் செய்கின்றன என்பது அவர் தரும் விளக்கம். நண்பர் வந்து உடன் துயருறும்போது சுமையைப் பலர் சேர்ந்து தூக்குவது போலாகிறது. அதைவிட மேலாக, நாம் அன்பு செய்யப்படுகிறோம் என்பதை அப்போது உணர்கிறோம். உடல் தன் இயல்பு நிலைக்குத் திரும்பினால் மனமும் தேறும். ஆன்மாவும் உடலும் ஒன்றாய் இணைந்தவனே மனிதன் என்னும் நம் கோட்பாட்டை அவர் குளியலறை வரை கொண்டு சென்றார் எனலாம்.

அக்குவினாசைப் படித்திராத நம் கொங்குக் கிழவியர் இந்த மருந்துகளை எல்லாம் அறிந்திருந்தனர். இழவு வீட்டில் உறைந்து உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணின் முதுகைத் தடவி, “அழுதுடு கண்ணு, அழுதாத்தான் ஆறும்” என்பர். துக்க வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க விடாமல், அக்கம்பக்கத்தார் சோறாக்கிக் கொண்டுவந்து வற்புறுத்தி உண்ண வைப்பர். துக்க நாள்கள் கழிந்தபின் தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுக வைத்து, உறவினர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று விருந்திடுவர். கண்ணீர், பரிவு, குளியல், இன்பம் என நான்கு மருந்துகள் ஓர் ஊரின் வழக்கத்துக்குள்ளேயே இருந்தன.

விடிய விடிய ஓர் அழுகை

கொங்கு நாட்டுக்கே உரிய பெருங்கதை ஒன்று உண்டு. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் தங்கை அருக்காணி என்னும் தங்காளும் அக்கதையின் மாந்தர். அண்ணன்மார் கதை என்று மக்கள் வழங்கும் இதனை உடுக்கடித்துப் பாடுவோர் இரவு இரவாகப் பாடுவர். 1964-ஆம் ஆண்டு முதல் 1966 வரை காங்கயத்தை அடுத்த ஒலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு மானிடவியலார், 1965-இல் இக்கதை முழுவதும் பாடப்படுவதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது பல இரவுகள் நீண்ட பாடல். 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக அது நூலாகவும் வெளிவந்தது.

கதையின் முடிவில் அண்ணன்மார் இருவரும் படுகளத்தில் மாண்டு கிடக்கின்றனர். தங்கை தனியே காடெல்லாம் தேடி வருகிறாள். அவள் புலம்பும் கட்டம் வரும்போது கதை கேட்டிருக்கும் ஊரே அழும். தெய்வ அருளால் அண்ணன்மார் சிறிது நேரம் உயிர்பெற்று அவளோடு பேசிவிட்டு மீண்டும் மாள்கின்றனர். இக்கதையில் எது நம் கருத்தைக் கவர வேண்டும்? தங்கைக்கு அண்ணன்மார் நிலையாகத் திரும்பக் கிடைக்கவில்லை. சொல்லாமல் போன சொற்களைச் சொல்லி விடைபெற ஒரு நாழிகை கிடைத்தது, அவ்வளவே. எதிர்பாராத சாவினால் வீட்டாரை இழந்தவர்கள் நம்மிடம் மீண்டும் மீண்டும் கூறுவதும் இந்த ஒரு குறையைத்தானே? “ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாருங்க சாமி” என்பதல்லவா அந்தப் புலம்பல்?

உடுக்கை ஒலியில் அழுபவர் தங்காளுக்காக மட்டுமா அழுகின்றனர்? தம் வீட்டுச் சாவுகளுக்கும், யாரிடமும் சொல்ல முடியாத தோல்விகளுக்கும் சேர்த்தே அழுகின்றனர். ஆண்களும் வெட்கமின்றி அழ இடம் தரும் இரவு அது. விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏர் பூட்டப் போய்விடுவர்.

தமிழகத் திருச்சபை இந்த உண்மையை நன்கு உணர்ந்திருந்தது. கோவாவில் 1676-இல் பிறந்து, 1705 முதல் இலங்கையில் மறைப்பணியாற்றி, 1742-இல் அங்கேயே உயிர்நீத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், ஆண்டவரின் பாடுகளைக் குறித்துத் தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. அதே காலத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர், சிலுவையடியில் நின்ற தாயின் துயரை ‘அன்னை அழுங்கல் அந்தாதி’யாகப் பாடினார். பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களில் பாட்டிமார் ஒப்பாரி மெட்டில் பாடி அழுததைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் நாம். வியாகுல அன்னையின் முன் அழுதவர்கள் தங்கள் பிள்ளைகளையும் நினைத்தே அழுதனர். அதைத் திருச்சபை தடுக்கவில்லை. பெத்தானியாவில் நண்பனின் கல்லறை முன் ஆண்டவரே கண்ணீர் விட்டார் என்று யோவான் நற்செய்தியாளர் எழுதுகிறார். சற்று நேரத்தில் இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என அறிந்திருந்தும் அவர் அழுதார். நம்பிக்கை இருந்தால் கண்ணீர் வரக்கூடாது என்பவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்?

பஞ்சமும் கொள்ளைநோயும்

தனி வீட்டுத் துயரம் ஒருபுறமிருக்க, ஊர் முழுவதையும் ஒருசேரக் கவ்விய துயரங்களும் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும் பஞ்சத்தில் கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்கள் பெரிதும் துன்புற்றன. தாது வருடத்தில் தொடங்கியதால் அதைத் தாது வருடப் பஞ்சம் என்றே கிராமத்துப் பெரியவர்கள் குறிப்பிடுவர். அக்காலத்தும் அதன் பின்னும் மக்கள் பஞ்சத்தைக் கும்மிப் பாட்டாகப் பாடினர். அத்தகைய பஞ்சக் கும்மிகளை ஈரோட்டு அறிஞர் புலவர் செ. இராசு அவர்கள் தொகுத்துப் பதிப்பித்துள்ளார்.

பட்டினியைப் பற்றிக் கும்மியடிப்பதா என்று முதலில் வியப்பே தோன்றும். கும்மி வட்டமாக நின்று ஆடுவது. கைகள் ஒரே தாளத்தில் தட்டப்படும்; கால்கள் ஒன்றாக அடியெடுத்து வைக்கும்; ஒருவர் பாட மற்றவர் ஏற்றுப் பாடுவர். தனியாக நினைத்தால் தாங்க முடியாத ஒன்றை, வட்டத்தில் நின்று பெயர் சொல்லிப் பாடும்போது தாங்க முடிகிறது. நண்பரின் பரிவு சுமையைப் பகிர்ந்து தூக்குவது போன்றது என்று புனித தாமஸ் கூறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்குமா?

அடுத்து வந்தது அச்சம். 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் இந்தியாவெங்கும் பரவி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கோயம்புத்தூரையும் பலமுறை தாக்கியது. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தோட்டங்களுக்கும் வெட்டவெளிகளுக்கும் ஓடிய காலம் அது. அந்நாள்களின் நினைவாக இந்நகரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரிலேயே கோயில்கள் இன்றும் உள்ளன. வேறெங்கும் எளிதில் காண முடியாத பெயர் இது. பெயரற்ற பேரச்சத்துக்கு மக்கள் ஒரு பெயரும், ஓர் இடமும், ஒரு முகமும் கொடுத்தனர். வேப்பிலையும் மஞ்சள் நீரும் கூழும் கொண்டு அச்சத்தைக் குளிர்வித்தனர். 2021-இல் கொரோனாப் பெருந்தொற்றின் போது கோவையை அடுத்த இருகூரில் ‘கொரோனா தேவி’ சிலை வைத்து வழிபாடு நடந்த செய்தியைப் படித்தபோது, இந்நகரின் பழைய நினைவு மீண்டும் விழித்துக்கொண்டதை உணர்ந்தோம்.

நம் நம்பிக்கை வேறு, நம் வழிபாடு வேறு. எனினும் நடுங்கும் மனிதரின் உள்ளம் ஒன்றே. கொள்ளைநோய்க் காலங்களில் புனித செபஸ்தியாரையும் புனித ரோக்கையும் மன்றாடி, அவர்தம் திருவுருவங்களை வீதிகளில் சுமந்து சென்ற மரபு ஐரோப்பாவிலும் தமிழகத்திலும் நமக்கு உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 27 மாலை, மழை பெய்துகொண்டிருந்த வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து வந்து மன்றாடியதைத் தொலைக்காட்சியில் கண்டோம். அன்று அங்கே வைக்கப்பட்டிருந்த திருச்சிலுவை, 1522-இல் உரோமை நகரைப் பிளேக் தாக்கியபோது தெருத்தெருவாக எடுத்துச் செல்லப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அஞ்சிய மக்கள் தேடியது, தம்மோடு நிற்கும் ஒரு முகத்தையே.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். அச்சத்தை ஆற்றுவது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு. பிளேக்குக்கு எதிரான தடுப்பூசியை 1897-இல் பம்பாயில் ஹாஃப்கின் என்னும் அறிஞர் உருவாக்கித் தம் உடலிலேயே முதலில் சோதித்துக்கொண்டார். நோயைத் தடுக்கத் தூய்மையும் ஊசியும் மருத்துவமும் வேண்டும். அச்சம் தணிந்த மனிதரே மருத்துவர் சொல்வதைக் கேட்பார். கலங்கி ஓடுபவர் நோயையும் உடன் கொண்டு ஓடுவார். ஆகையால் ஆறுதலும் மருத்துவமும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல.

ஓர் ஆயரின் மனப்போராட்டம்

துயரமும் அச்சமும் எளிய மக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கோவை மறைமாவட்டத்தின் முதல் ஆயரது வாழ்வே இதற்குச் சான்று.

பிரான்சு நாட்டின் காஸ்தெல்நோதரி நகரில் 1813-இல் பிறந்தவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். பாரிஸ் வேதபோதக சபையில் சேர்ந்து 1842-இல் புதுச்சேரி வந்து, தமிழ் கற்று, சேலத்தில் பணியாற்றினார். 1845-இல் கோயம்புத்தூர்ப் பகுதியின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்நாட்டு மண்ணில் இந்நாட்டுக் குருக்களே திருச்சபையை வழிநடத்த வேண்டும் என்பது அவரது தணியாத விருப்பம். அதற்காகவே குருமடம் நிறுவி இளைஞர்களை உருவாக்கினார்.

ஆனால் அவரது மனச்சான்றை ஒரு சிக்கல் விடாது வருத்தியது. மக்களின் வழக்கங்களிலும் சாதி ஆசாரங்களிலும் எவற்றைத் திருச்சபை பொறுத்துக்கொள்ளலாம், எவற்றை விலக்க வேண்டும் என்பதே அது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் பிறப்பித்த ஆணைக்கு ஒவ்வொரு மறைப்பணியாளரும் உறுதிமொழி அளித்திருந்தனர். அந்த ஆணைக்கும் நாள்தோறும் பங்குகளில் நடப்பதற்கும் இடையே இருந்த இடைவெளியைக் கண்டு அவர் உள்ளம் அமைதி இழந்தது. உரோமைக்கு எழுதினார், தெளிவு கேட்டார், 1854-இல் நேரிலும் சென்றார். முடிவில் பதவி விலக விண்ணப்பித்தார். 1855-இல் அது ஏற்கப்பட்டது. தாம் அன்பு செய்த மக்களை விட்டுப் பிரிந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

தோல்வி என்று உலகம் சொல்லும் அந்நிலையில் அவர் என்ன செய்தார்? யாரையும் பழித்துக்கொண்டு காலம் கழிக்கவில்லை; தம் துயரத்தை இல்லையென்று மறுக்கவும் இல்லை. இந்தியாவில் தாம் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவுகளைத் தம் குறிப்புகளின் துணைகொண்டு பொறுமையாக எழுதினார். மனத்தின் கலக்கத்தைத் தாளில் இறக்கி வைப்பது ஒரு சிறந்த ஆறுதல் என்பதைப் பலர் பட்டறிவால் அறிவர். பின்னர், மிகவும் கைவிடப்பட்ட மக்களிடம் செல்ல வேண்டும் என்னும் விருப்பத்தோடு ஆப்பிரிக்காவை நோக்கினார். 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரின் ஃபூர்வியேர் அன்னைத் திருத்தலத்தில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தோற்றுவித்தார். 1859 மே மாதம் சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் நகரை அடைந்து, ஆறே வாரங்களில், ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலுக்கு உயிர் ஈந்தார். அவர் நட்ட சபை இன்றும் தழைத்து நிற்கிறது. 2020-ஆம் ஆண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

கொங்கு மண்ணில் கொதித்த ஒரு நெஞ்சம் மெல்ல ஆறி, அந்த வெப்பத்தையே வேறொரு கண்டத்தின் மக்களுக்கு அன்பாக மாற்றிக் கொடுத்தது என்று நாம் கருதுகிறோம். துயரத்தை வெட்டி எறிந்திருந்தால் அந்த அன்பும் வெட்டுண்டிருக்கும் அன்றோ?

மணிகளும் மூச்சும்

பிரெசியாக் ஆயர் திருநிலை பெற்ற கருமத்தம்பட்டி, செபமாலை அன்னையின் திருத்தலம். அக்டோபர்த் திருவிழாவுக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து நடந்து வருவோர் வழிநெடுகச் செபமாலை சொல்லி வருவர். அதே மன்றாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன பயன் என்று படித்த இளைஞர் சிலர் நம்மைக் கேட்பதுண்டு.

2001-இல் இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்தியும் அவர்தம் குழுவினரும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 23 பேரிடம் செய்யப்பட்ட சிறிய ஆய்வு அது. இலத்தீன் மொழியில் மங்கள வார்த்தை மன்றாட்டைச் சொல்லும்போதும், யோக மந்திரம் ஒன்றைச் சொல்லும்போதும் மூச்சு இயல்பாகவே மெதுவாகி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவில் அமைகிறது என்றும், இதயத் துடிப்பின் ஒழுங்குக்கு அது நன்மை செய்கிறது என்றும் அவர்கள் கண்டனர். செபமாலை மூச்சுப் பயிற்சி அன்று. அது மீட்பின் நிகழ்வுகளை அன்னையோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கும் தியானம். புனித தாமஸ் நான்காவதாகக் கூறிய, உண்மையைத் தியானிக்கும் மருந்து அதுவே. எனினும் அம்மருந்து உடலின் வழியாகவும் இறங்குகிறது என அறிவதில் நமக்கு மகிழ்ச்சியே. நோயாளியின் கட்டிலருகே இருந்து மணியை உருட்டும் பாட்டி, தன் நடுக்கத்தையும் நோயாளியின் நடுக்கத்தையும் ஒருசேர ஆற்றுகிறாள்.

திருச்சபை கற்ற கனிவு

மென்மையின் வழியைத் திருச்சபையும் காலப்போக்கில் ஆழமாகக் கற்றது என்பதை நாம் மறைக்கலாகாது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெளிந்த மனத்தோடு தற்கொலை செய்துகொண்டோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அதனால் ஏற்கெனவே நொறுங்கிப் போயிருந்த குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் மீண்டும் நொறுங்கின. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உயிர் இறைவனின் கொடை என்பதை உறுதியாகக் கூறுகிறது. அதே வேளையில் கடும் மனநோயும், துன்பத்தைப் பற்றிய பேரச்சமும் அத்தகையோரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. நாட்டுச் சட்டமும் இத்திசையிலேயே நகர்ந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்கிறது.

இது வெறும் சட்ட வரலாறு அன்று. நொய்யல் ஆற்றின் மாசு தொடர்பாக 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, ஆற்றைக் காக்க அது தேவையாயிற்று. ஆயினும் அப்பட்டறைகளை நம்பியிருந்த தொழிலாளர் பலர் ஒரே நாளில் வேலையற்று நின்றனர். திருப்பூரிலும் கோவையிலும் ஒற்றை அறையில் வாழும் வெளியூர்த் தொழிலாளர் பலருக்கு, முதுகைத் தடவி அழச் சொல்லும் கிழவியும் இல்லை. சோறாக்கி எடுத்து வரும் அண்டை வீட்டாரும் இல்லை. விடிய விடியக் கதை கேட்டு அழும் இரவும் இல்லை. முன்பு ஊரே வைத்திருந்த மருந்துப் பெட்டி அவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று. அதை மீண்டும் நிரப்ப வேண்டியது யார்? பங்குச் சமூகமாகிய நாமன்றோ?

இழவு வீட்டில் நாம் செய்ய வேண்டுவது மிக எளியது. அறிவுரையைக் குறைத்து, உடன் அமர்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டுவோம். முப்பதாம் நாளோடு நின்றுவிடாமல், எல்லாரும் மறந்துவிட்ட ஆறாம் மாதத்தில் ஒருமுறை அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோம். சினமுற்று இறைவனையே நொந்து பேசுபவரைக் கண்டிக்காமல் கேட்போம். திருப்பாடல்களில் அத்தகைய குரல்கள் ஏராளம். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் அற்றுப் போனவரை, வாழ்வே வேண்டாம் என்பவரை, தாமதமின்றி மருத்துவரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். 1986 முதல் சென்னையில் சிநேகா அமைப்பு இத்தகையோரின் குரலைச் செவிமடுத்து வருகிறது. 2022 அக்டோபர் 10 முதல் நடுவண் அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் இயங்கி வருகிறது. இந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதும் ஓர் இரக்கச் செயலே.

உளவியல் ஆலோசனையை நாம் இன்று ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். பழந்தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்பது வழிகாட்டி அனுப்புதல். பரிசு பெற்று வந்த பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்ற வழியைக் காட்டியது அது. ஆறு என்றால் வழி. ஆறு என்றால் தணி. இவ்விரு பொருளும் ஒருங்கே நிறைவேறிய நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் காண்கிறோம். எருசலேமை விட்டு எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவர் துயரத்தில் மூழ்கியிருந்தனர். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்து நடந்தார். தாம் யார் என்று உடனே சொல்லி அவர்கள் கண்ணீரை நிறுத்திவிடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். அவர்கள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பின்னரே மறைநூலை விளக்கினார். பொழுது சாய்ந்ததும் அவர்களோடு தங்கி, அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தார்.

அவர்கள் நடந்த தொலைவு ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர். இறைமகனே அவ்வளவு தூரம் பொறுமையாக உடன் நடந்தாரெனில், துயருற்ற ஒருவரைத் தெருமுனை வரையிலாவது நடத்திச் செல்ல நமக்கு நேரம் இல்லாமற் போகுமா?